ஸ்ரான்லியின் காருக்கு ஊற்றிய தண்ணீர்

ஸ்ரான்லி தன் பெண்சாதி நிருஷாவை அடிக்கும் போதெல்லாம், லயத்து வீடுகளின் முற்றத்துக்குக் கீழே நிறுத்தியிருந்த அவனுடைய இத்தாலிக் கார் கொதித்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருக்காது. சாவி அவன் இடுப்புச் சாரத்தின் மடிப்பில் இருக்கும். முதல் அறைக்கு டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் மெல்ல எழும்பும், மூன்றாவது அறைக்குச் சிவப்புக் கோட்டைத் தொடும், அவன் காலைத் தூக்கி உதைக்கத் தொடங்கினால் ரேடியேட்டர் மூடி விசிலடித்து, பொனட்டின் இரண்டு பக்கமும் ஆவி கிளம்பும். எஹலியகொடவிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் மேலே, நுகதொலைத் தோட்டத்துக் கீழ்ப் பிரிவில், இது ஒன்பது வருடம் நடந்தது. மழைக்கு ரப்பர் பால்வெட்டு நிற்பது போல இதுவும் நடக்கிற காரியம்தான் என்று சனம் எடுத்துக்கொண்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை.

அந்தக் கார் இல்லாமல் கீழ்ப் பிரிவுக்கு ஒரு காரியமும் ஆகாது, அதையும் சொல்லிவிட வேண்டும். தோட்டத்து ஆபீசின் பழைய பெரிய கிளாக்கர் ஓய்வு பெற்றுப் போகும்போது ஸ்ரான்லியிடம் விட்டுப்போன கார் அது. அறுபதுகளில் கப்பலில் வந்தது. உருண்டை முகம், வெளிறிய பச்சை, நம்பர் தகட்டின் நடுவில் பழைய காலத்து ஸ்ரீ எழுத்து. பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதற்கு இடையில் பாம்பு கடித்தவனும், வலி எடுத்தவளும், கலியாணப் பொண்ணும் ஸ்ரான்லியின் காரைத்தான் நம்பியிருந்தார்கள். ஆகவே ஆவி கிளம்பியதும் சனம் ஓடும். எங்கே ஓடும் என்று நினைக்கிறீர்கள்? வீட்டுக்கா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காருக்குத்தான் ஓடும். அடுத்த காம்பரா வீட்டு அந்தோனியம்மா முதலாவதாக, மலைத்தண்ணீர் விழும் பீலியில் வாளியைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவாள், அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் ஒவ்வொரு வாளியாக இருபத்தொன்பது வாளி வரும். ரேடியேட்டரில் ஊற்றுவார்கள், பொனட்டில் ஊற்றுவார்கள், சாக்கை நனைத்துப் போர்த்துவார்கள். உள்ளே நிருஷா கத்துவது எல்லோருக்கும் கேட்கும். "ஐயோ, கேஸ்கட் போயிடும்டி, சீக்கிரம் ஊத்துங்க" என்று அந்தோனியம்மா அதைவிடப் பெரிதாகக் கத்துவாள். தோட்டத் தலைவர் அழகமுத்து ஒருநாள் காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டில் நின்று, பொழுது சாய்வதற்குள் ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு வாளி நிறைத்து வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே போட்டார். அந்தோனியார் கோயில் சாமியார் வந்து காருக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். நிருஷா பொலிசுக்கும் போய்ப் பார்த்தாள். அங்கே இருந்தவர் சிங்களத்தில் "கெதர பிரஷ்னயக்னே நங்கி" என்று சிரித்து, வீட்டுக் கதையை வீட்டிலேயே பேசி முடிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

நிருஷாவுக்கு உறவென்று இருந்தது ஒரே ஓர் அண்ணன். பெயர் அருள்தாஸ். தோட்டத்துப் பாதை மெயின் ரோட்டைத் தொடும் சந்தியில், ஒரு பலா மரத்தடியில் கராஜ் வைத்திருந்தான். கிராமத்துச் சிங்களச் சனம் அவனை, வேலை தெரிந்தவன் என்ற மரியாதையில், 'பாஸ்' என்று கூப்பிடும். நெஞ்சு அகன்ற ஆள், ஜாக்கி இல்லாமல் முச்சக்கர வண்டியைச் சாய்த்துப் பிடிப்பான். ஆனால் ஸ்ரான்லிக்குப் பயந்தவன். கலியாணமான முதல் வருடம் தங்கச்சியின் கன்னத்தைப் பார்த்துவிட்டுத் தட்டிக்கேட்கப் போனான். ஸ்ரான்லி பேச்சுக்கு இடமே கொடுக்கவில்லை. கையிலிருந்த வீல் ஸ்பேனரால் வாயில் ஒன்று வைத்தான். முன்பல் இரண்டும் முற்றத்தில் விழுந்தன, கோழி ஒன்று வந்து கொத்திப் பார்த்துவிட்டுப் போனது. அன்றிலிருந்து அருள்தாஸ் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இரண்டு தடவை நிருஷா துணிமணியைச் சுருட்டிக்கொண்டு கராஜுக்கு வந்தாள். இரண்டு தடவையும் ஸ்ரான்லி காரை எடுக்க மாட்டேன் என்று படுத்துக்கொண்டான். தலைவரும் அந்தோனியம்மாவும் வந்து, "நீ வந்தாத்தான் அவன் வண்டிய எடுப்பானாம், எங்களக் கொஞ்சம் நெனச்சுப் பாருடி" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அருள்தாஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அந்த வெட்கம் சோற்றில் கல் மாதிரி அவனுக்கு ஒவ்வொரு வேளையும் கடிபட்டது.

அடியை நிறுத்தத் தெரியாதவன் காரைத் திருத்தத் தொடங்கினான். கொதிப்பு நின்றால் அடியும் நிற்கும் என்று அவன் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவன் ஏழு வருடம் ஒரே காரோடு மல்லுக்கட்ட மாட்டான். ரேடியேட்டரைக் கழற்றிப் பின்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவினான். உள்ளேயிருந்து பீலிப் பாசியும் இரண்டு நத்தையும் அயிரை மீன் ஒன்றும் வந்தன, மீன் உயிரோடு இருந்தது. வாட்டர் பம்ப் மாற்றினான். விசிறி பெல்ட் மாற்றினான். இத்தாலிக்காரன் இஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை அலுமினியத்தில் செய்திருக்கிறான், சூடு கூடினால் அப்பளம் போல நெளிந்துவிடும். அதைக் கழற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு அவிசாவளைக்குப் போய் லேத்தில் சமன்படுத்தி வந்தான், பதினொரு தடவை. ஒவ்வொரு தடவையும் ஹெட்டைத் தூக்கும்போது அதன் அடியில் இருக்கும் கேஸ்கட் தகடு எரிந்திருக்கும் இடத்தைப் பார்ப்பான். முதலாம் சிலிண்டர் பக்கம் கருகியிருந்தால் நிருஷாவுக்குத் தோளில் காயம். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே என்றால் விலா. நான்காம் சிலிண்டர் என்றால் தலை. புத்தகத்தில் இல்லாத இந்தப் படிப்பை அவன் கராஜில் தனியாக இருந்து படித்தான், யாரிடமும் சொல்லவில்லை. பழைய கேஸ்கட்டை எறிய மனம் வராமல் சுவரில் ஆணியடித்து மாட்டினான். பதினொரு கேஸ்கட் மாட்டியிருந்தது.

பெட்ரோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடம் வந்தது. எஹலியகொடவில் ஸ்ரான்லியும் இரண்டு நாள் வரிசையில் நின்றான். இரண்டாம் நாள் மத்தியானம் நிருஷா அவனுக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோனாள். பலாக்கொட்டைக் கறியில் உப்பு இல்லையாம். இருநூறு வாகனத்துக்கு நடுவே, பட்டப்பகலில், பார்சலை அவள் முகத்தில் அப்பிவிட்டு, கூந்தலைப் பிடித்து டிக்கியில் மோதினான். காரில் சொட்டுப் பெட்ரோல் கிடையாது, இருந்தும் கொதித்தது. வரிசையில் நின்றவர்கள், படித்தவர்கள், கழுத்துப்பட்டி கட்டியவர்கள், "வண்டி எரியப் போவுது!" என்று கத்திக்கொண்டு குடிக்க வைத்திருந்த தண்ணீர்ப் போத்தல்களோடு ஓடி வந்து பொனட்டில் ஊற்றினார்கள். நுகதொலைச் சனம் மட்டும்தான் அப்படி என்று நினைத்திருந்த அருள்தாஸுக்கு இந்தக் கதை காதில் விழுந்தபோது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, அதற்காக அவன் பிறகு தன்னையே செருப்பால் அடித்துக்கொண்டான், நிசமாகவே அடித்துக்கொண்டான், கராஜ் கதவைச் சாத்திவிட்டு.

எஹலியகொடவில் பழைய வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருந்த மஷூர் நானாவிடம் அந்த வாரமே போய், காருக்குச் செய்ததையெல்லாம் சொன்னான். தங்கச்சியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. மஷூர் நானா தாடியைச் சொறிந்துகொண்டு முழுவதையும் கேட்டுவிட்டு, "வேல்வ கழட்டி எறிஞ்சியா இல்லியா?" என்றார். இல்லை என்றான். "ஒனக்கென்ன பைத்தியமா தம்பி? குத்தம் அங்கதான் ஈக்கிது. அது சீத நாட்டுக்காரன் வெச்ச சாமான். நம்மட நாட்டுக்கு அது என்னத்துக்கு?"

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற வழியில், உள்ளங்கைக்குள் அடங்குகிற வட்டமான வேல்வு ஒன்று இருக்கும். தண்ணீர் சூடாகும்வரை அது வாயை மூடிக்கொண்டிருக்கும், சூடானதும் திறந்து விடும். எவ்வளவு சூட்டை உள்ளே வைப்பது, எவ்வளவை வெளியே விடுவது என்று பார்ப்பது அதன் வேலை. நம்முடைய மெக்கானிக்குகள் ஒரு காரைக் கண்டால் முதலில் செய்வது அதைக் கழற்றி எறிவதுதான். கழற்றாதவனை மெக்கானிக் என்று யாரும் மதிப்பதில்லை. அருள்தாஸும் இருபத்திரண்டு வருடமாக எல்லா வண்டியிலும் கழற்றிப் பலா மரத்துக்குப் பின்னால் எறிந்தவன்தான். இந்தக் காரில் மட்டும் அதன் மூடியைப் பிடித்திருந்த போல்ட் இரண்டும் துருவேறி அலுமினியத்தோடு ஒட்டிக்கிடந்தன, பலவந்தம் பண்ணினால் ஹெட் வெடிக்கும் என்று தொடாமல் விட்டிருந்தான். இப்போது மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று நாள் ஊறவைத்து, அந்தோனியாரை நினைத்துக்கொண்டு திருகினான். போல்ட் கழன்றது. வேல்வை எடுத்துத் துடைத்துக்கூடப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் வீசினான். வழக்கம்.

அன்றிலிருந்து கார் கொதிக்கவே இல்லை. கொதிக்காததோடு நிற்கவுமில்லை, குளிர்ந்துபோனது. உச்சி வெயிலில் இரத்தினபுரி போய் வந்தாலும் பொனட்டில் பனி பூத்திருக்கும். பின் சீற்றில் உட்கார்ந்தவர்கள் சால்வை கேட்டார்கள். தலைவர் அருள்தாஸுக்குக் கோயிலடியில் மாலை போட்டார், அந்தோனியம்மா கோழி அடித்துச் சோறு கொடுத்தாள், வாளிகளைச் சனம் கவிழ்த்து வைத்தது. போன சூடு எங்கே போனது என்று யாரும் யோசிக்கவில்லை. அது ஸ்ரான்லிக்குள் போயிருந்தது. பீலியில் அவன் குளித்தால் தோளில் இருந்து ஆவி பறந்தது. அவன் படுத்த பாயில் ஆள் அளவுக்குக் கருகல் விழுந்தது. முன்பெல்லாம் மாதத்துக்கு நாலு தடவை, ஐந்து தடவை அடித்தவன் இப்போது தினமும் அடித்தான், விரல் பட்ட இடத்தில் ஐந்து விரலும் கொப்பளித்தன. வெளியிலும் அடித்தான். பக்கத்துக் காம்பரா நாயை ஒரே உதையில் கொன்றான். கங்காணியின் தாடையை உடைத்தான். சந்தியில் வழி விடாத லொறிக்காரனை இழுத்துப் போட்டு மிதித்தான். மறுநாள் கிராமத்திலிருந்து இருபது பேர் பொல்லுகளோடு ஏறி வந்து, ஸ்ரான்லி ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றி ஹயர் போயிருந்தபடியால், கிடைத்த மூன்று காம்பராக் கூரைகளை நொறுக்கி இரண்டு கிழவர்களின் கையை முறித்துவிட்டுப் போனார்கள். சனம் பல்லைக் கடித்துக்கொண்டது. கார் நன்றாக ஓடுகிறதே என்றது.

ஒரு புதன்கிழமை, பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் வாளியோடு நிருஷா கராஜுக்கு வந்தாள். இடது கண் மூடியிருந்தது. வலது கையைப் பால்வெட்டுக் கத்தியே பிடிக்க முடியாத மாதிரி நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தாள். அருள்தாஸ் ஒரு வானின் அடியில் கிடந்தான். அவள் கால்களைத்தான் முதலில் பார்த்தான், கணுக்காலில் ஐந்து விரல் தடம் வெந்திருந்தது. வெளியே வரத் தைரியம் இல்லாமல் அப்படியே கிடந்தான். அவள் குனியவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"அண்ணே, அந்தக் காரு கொதிச்ச வரைக்கும் பாதி அடி அதுக்குப் போச்சு. இப்ப முழுசும் எனக்குத்தான் வருது. இன்னும் ஒரு மாசம் தாங்குவேனான்னு தெரியல. உனக்குச் சொல்லணும்னு தோணுச்சு, அதான் வந்தேன்."

சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அருள்தாஸ் வானின் அடியில் கிடந்து அழுதான். எண்ணெய்ச் சட்டியின் போல்ட் ஒன்றைக் கழற்றி வைத்திருந்ததை மறந்துபோனான், எண்ணெய் முழுதும் அவன் முகத்தில் வடிந்தது. எழும்பி முகத்தைக் கழுவாமலே பலா மரத்துக்குப் பின்னால் போனான்.

இருபத்திரண்டு வருட வேல்வு அங்கே கிடந்தது. சப்பிரகமுவா மாகாணத்தில் ஓடிய பாதி வாகனங்களின் அடக்கம் அங்கேதான் குவிந்திருந்தது என்றாலும் தவறில்லை. பாசி பிடித்து, பலாப்பழம் விழுந்து நசுங்கி, அட்டை ஊர்ந்து, முழங்கால் உயரக் குவியல். எது இத்தாலிக்காரனுடையது என்று எப்படித் தெரியும்? வேல்வைச் சோதிக்கும் முறை ஒன்றுதான், தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்து வாய் திறக்கிறதா என்று பார்ப்பது. அருள்தாஸ் கராஜைப் பூட்டிவிட்டு, ஒரு பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். புதன்கிழமை எண்பது பார்த்தான். வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு, நூற்று முப்பத்தேழாவது வேல்வைப் போட்டான். புதுத் தண்ணீர் மாற்றியிருந்தான், அடுப்பை இன்னும் பற்றவைக்கவில்லை. பச்சைத் தண்ணீரில் கிடந்த அந்த வேல்வு, யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி, வாயைத் திறந்து மூடியது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் திறந்தது. மூன்றாம் தடவை நீண்ட நேரம் திறந்தே இருந்தது. அவன் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேலே லயத்தில் என்ன நடக்கிறது என்று இங்கே தண்ணீரில் பார்த்துக்கொண்டிருந்தான், ஓடிப்போகவில்லை.

மறுநாள் பால் நிறுவையடியில் போய்த் தங்கச்சியை மறித்தான். "நேத்து நாலு மணிக்கு. மூணு அடியா?" என்று கேட்டான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "மூணுதான். மூணாவது செம்பால அடிச்சான். உனக்கு யாரு சொன்னா?" என்றாள். அவன் வேல்வைக் காட்டி விஷயத்தைச் சொன்னான். திரும்பப் பூட்டிவிடுகிறேன், பழையபடி பாதி காருக்குப் போய்விடும் என்றான். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னான், பாவம். நிருஷாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்பது வருடத்தில் அவள் கோபப்பட்டு அவன் கண்டதில்லை.

"பாதி அடிய எனக்கு மிச்சம் வெச்சுட்டுத் திருத்துறியாண்ணே நீ? பாதி கூட எனக்கு வேணாம். அதோட வாய அடைச்சிடு. உள்ள போனது வெளிய வரக்கூடாது."

அடைத்தால் இஞ்சின் போய்விடும் என்றான். போகட்டும் என்றாள். தலைவரும் சனமும் கொன்றுவிடுவார்கள் என்றான். "என்னய மட்டும் இப்ப என்ன செய்றாங்களாம்?" என்றாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவளுடைய கலியாணத்துக்கு அண்ணன் சீராகக் கொடுத்த பித்தளைச் செம்பு. கடையில் வாங்கும்போது உருண்டையாக இருந்தது. இப்போது அதில் பதினாலு நசுக்கல் இருந்தது, ஒவ்வொன்றும் அவள் தலை அளவுக்கு வளைந்திருந்தது. அருள்தாஸ் தகடு வெட்டும் கத்தரியை எடுத்து அதன் அடிப்பாகத்தை வட்டமாக வெட்டினான், வேல்வின் வாயில் வைத்துச் சுற்றிவர ஈயம் காய்ச்சி ஊற்றி அடைத்தான். சனிக்கிழமை ஒயில் மாற்ற வேண்டும் என்று சொல்லிக் காரை வரவழைத்தான். ஸ்ரான்லி கள்ளுத் தவறணைக்குப் போய்விட்டு வருவதற்குள் வேல்வைப் பூட்டி, போல்ட் இரண்டையும் இனி எந்த ஸ்பேனரும் பிடிக்காதபடி தலையைத் தட்டிச் சப்பையாக்கினான்.  வேலை சுத்தமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்து மணி இருக்கும். அருள்தாஸ் டயர் கழற்றும் நெம்புகோலோடு லயத்துக்கு ஏறிப் போய், காரின் பொனட்டில் உட்கார்ந்துகொண்டான். ஏன் என்று கேட்டவர்களுக்குச் சும்மா என்றான். உள்ளே ஸ்ரான்லி முகம் கழுவச் செம்பைத் தேடினான். "செம்பு எங்கேடி?" என்ற சத்தம் வெளியே கேட்டது. வெட்டிட்டேன் என்று நிருஷா சொன்னதும் கேட்டது. பிறகு முதல் அறை. அருள்தாஸுக்குக் கீழே பொனட் பசுமாடு மூச்சு விடுவது போல ஒருமுறை எழும்பி இறங்கியது. இரண்டாவது அறைக்கு அவன் உட்கார முடியாமல் குதித்து இறங்கினான். மூன்றாவதுக்கு ரேடியேட்டர் மூடி பறந்து போய்க் கோயில் மணியில் பட்டு டங்கென்றது. சனம் பழைய பழக்கத்தில் வாளிகளை நிமிர்த்திக்கொண்டு பீலிக்கு ஓடியது. மாதக்கணக்கில் கவிழ்ந்து கிடந்த வாளிகளில் இருந்து கரப்பான்கள் சிதறின. முப்பது வாளியும் நிறைந்து வந்தபோது, அருள்தாஸ் காருக்கு முன்னால் நெம்புகோலை ஓங்கிக்கொண்டு நின்றான்.

"ஒரு சொட்டு ஊத்த விட மாட்டேன். ஊத்துறவன் மண்டைய ஒடைப்பேன்" என்றான். முன்பல் இல்லாத வாயிலிருந்து எச்சில் தெறித்தது.

தலைவர் அழகமுத்து தள்ளிப் பார்த்தார், நெம்புகோல் அவர் தோளில் இறங்கியது. அதோடு சனத்துக்கு வெறி பிடித்துவிட்டது. தங்கச்சி அடிபட்டபோது ஒருநாளும் எழும்பாத கைகள் காருக்காக எழும்பின. வாளியாலேயே அடித்தார்கள். இரும்பு வாளி ஒன்றின் விளிம்பு அவன் நெற்றியைப் பிளந்தது, ஒருவன் கல்லால் முழங்காலில் போட்டான், கூடப் படித்தவன் ஒருவன் கழுத்தை நெரித்தான். அவன் விழுந்தும் காரின் முன் பம்பரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான், உள்ளங்கை சுட்டுத் தோல் உரிந்தது, விடவில்லை. அந்தோனியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என் மருமகளுக்கு நாள் நெருங்கிடுச்சேடா பாவி, கார் இல்லாம நான் எங்க போவேன்!" என்று ஒப்பாரி வைத்தாள். அருள்தாஸ் இரத்தத்தைத் துப்பிவிட்டு, "உங்க மருமகளுக்குக் காரு வேணும். என் தங்கச்சிக்கு என்னம்மா வேணும்? சொல்லுங்க, ஒன்பது வருசத்துல ஒரு தரம் கேட்டீங்களா?" என்றான். 

அப்போதுதான் காம்பராக் கதவு உடைந்து நிருஷா வெளியே வந்து விழுந்தாள். ஸ்ரான்லி அவள் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். அவன் உடம்பிலிருந்து கிளம்பிய அனல் வாசலில் காயப்போட்டிருந்த துணிகளைப் பற்றவைத்தது. கார் சிவந்துகொண்டிருந்தது, அவன் இன்னும் ஆறவில்லை. சூடு இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டிருந்தது. நிருஷா தலையைத் தூக்கி, வாளிகளோடு நின்ற முப்பது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அழவில்லை, கத்தவுமில்லை. கடையில் சாமான் கேட்பது போலக் கேட்டாள்.

"அத்தே, அந்தத் தண்ணிய இங்க ஊத்துங்க."

அந்தோனியம்மாவுக்குப் பிறகு எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், அந்த நேரம் என்ன நினைத்தாய் என்று. ஒன்றும் நினைக்கவில்லை, கையில் வாளி இருந்தது, எரிகிறது தெரிந்தது, ஊற்றினேன் என்றுதான் அவள் சொல்வாள். முதல் வாளி ஸ்ரான்லியின் நெஞ்சில் பட்டுச் 'சொர்' என்று ஆவியாகிப் போனது. அவன் கூந்தலை விட்டுவிட்டு அந்தோனியம்மா மேல் பாய்ந்தான், அதற்குள் இரண்டாவது வாளி முகத்தில் விழுந்தது. பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. அருள்தாஸை அடித்த வாளிகளே திரும்பின. ஸ்ரான்லி ஐந்து பேரைத் தூக்கி எறிந்தான், ஒருவனுக்கு விலா முறிந்தது, தலைவருடைய காது பாதி கிழிந்து தொங்கியது. தலைவர் அந்தக் காதோடேயே தன் வாளியை ஊற்றினார். பதினாறாவது வாளிவரை ஆவி பறந்தது. பதினேழாவது வாளித் தண்ணீர் சூடாக வழிந்தது. இருபத்துநாலாவதுக்கு அவன் வெறுமனே நனைந்தான். முப்பதாவது வாளியில் ஸ்ரான்லி மண்டியிட்டுப் பல் கிடுகிடுக்க நடுங்கினான், உதடு நீலம் பாரித்திருந்தது. அவனிடமிருந்து கிளம்பிய சூடு முழுதும் காருக்குள் போய், வெளியே வர வழி இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டது. இஞ்சின் ஒருமுறை இறுகும் சத்தம் கேட்டது. அத்தோடு அது செத்தது. நிருஷா எழும்பி, அண்ணனின் நெற்றியைத் தன் முந்தானையால் இறுக்கிக் கட்டினாள். இருவரும் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவனுக்கு ஒன்பது தையல், அவளுக்கு ஆறு.

அந்தோனியம்மாவின் மருமகளுக்கு அந்த வியாழக்கிழமை வலி எடுத்தது. ஆட்டோ பிடித்துப் போனார்கள். பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். கார் இல்லாமலும் பிள்ளை பிறக்கும் என்பது கீழ்ப் பிரிவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நிருஷா இப்போது அதே காம்பராவில் தனியாக இருக்கிறாள், கதவு புதியது. அருள்தாஸ் எந்த வண்டியிலும் வேல்வைக் கழற்றுவதில்லை. கழற்றச் சொல்கிறவர்களை மஷூர் நானாவின் கடைக்கு அனுப்பிவிடுகிறான். சுவரில் மாட்டியிருந்த பதினொரு கேஸ்கட்டையும் நிருஷா ஒருநாள் இறக்கி, பழைய இரும்பு வாங்குபவனிடம் போட்டுவிட்டாள்.

கார் அதே இடத்தில் நிற்கிறது. டயர் உருகி மண்ணோடு ஒட்டிவிட்டது, இஞ்சின் இன்றுவரை ஆறவில்லை. பொனட்டை மூடி வைத்தால் ஒரு கிலோ மிளகு இரண்டு நாளில் காயும், திறந்து வைத்தால் ஒன்றரை நாள். மழைக்காலத்தில் பள்ளிக்கூட உடுப்புகளை அதில்தான் போடுகிறார்கள். ஸ்ரான்லிக்குக் குளிர் விடவில்லை. மூன்று போர்வை போர்த்தினாலும் வேறெங்கும் இருக்க முடியாமல் அந்தக் காரின் பின் சீற்றிலேயே படுத்துக்கொள்கிறான், பகலில் பொனட்டில் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். நிருஷா மிளகு போட வரும்போது "தள்ளு" என்பாள், தள்ளுவான். 

வாளிகளை மட்டும் சனம் திரும்பக் கவிழ்க்கவில்லை. பொழுது சாய்வதற்குள் நிறைத்து வைக்க வேண்டும் என்ற தலைவருடைய சட்டத்தை யாரும் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லி அவரும் சொல்லவில்லை. எந்தக் காம்பராவில் ஒரு பெண் கத்தினாலும் அந்தோனியம்மா முதலாவதாக வாளியோடு ஓடுகிறாள், பின்னால் இருபத்தொன்பது வாளி போகிறது, கொதிக்கிற கார் எதுவும் இல்லாதபடியால் நேரே வீட்டுக்குள் போய் ஊற்றுகிறார்கள். போன வருடம் ஆறு பேர் நனைந்தார்கள். இந்த வருடம் இதுவரை இரண்டு பேர், ஒருவர் கணக்கப்பிள்ளை. நனைந்தவர்கள் வெளியே வந்து காரடியில் நிற்கிறார்கள், ஸ்ரான்லி கொஞ்சம் ஒதுங்கி இடம் விடுகிறான். சட்டை காய ஒன்றரை மணித்தியாலம் ஆகிறது.